ஒரே கரண்ட் மெஷின் அம்மாவின் முழங்காலுக்கும் அப்பாவின் கைக்கும் ஆகுமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பல வருடமாகச் சர்க்கரையும் உண்டு. அப்பாவுக்கு இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையைத் தூக்க வரவில்லை. மணிக்கட்டு தொங்குகிறது, தோள்பட்டையும் இறங்கியிருக்கிறது. இருவருக்கும் பிசியோதெரபியில் கரண்ட் வைக்கிறார்கள். அடிக்கடி ஆட்டோ பிடித்துப் போய்வர முடியவில்லை. ஒரு டென்ஸ் மெஷின் வாங்கி வீட்டிலேயே இருவருக்கும் வைக்கலாமா?

பதில்:

டென்ஸ் என்பது தோலில் பேட் ஒட்டி, நரம்பைத் தூண்டி வலியை அடக்கும் கரண்ட். அம்மாவுக்கு அதை வைக்கலாம், கீழே சொல்லும் சோதனைகளைச் செய்த பிறகு. அப்பாவுக்குச் சாதாரண டென்ஸ் மெஷின் உதவாது. அவருக்கு வேண்டியது தசையைச் சுருங்கவைக்கும் வேறு வகைக் கரண்ட். இரண்டு வேலையையும் செய்யும் மெஷின்கள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றிலும் இருவருக்கும் அமைப்பு வேறு, பேட் வைக்கும் இடம் வேறு, எச்சரிக்கைகளும் வேறு.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். பேட் வழியாகப் போகும் கரண்ட் தேய்ந்த குருத்தெலும்பை வளர்ப்பதில்லை, வீக்கத்தைக் கரைப்பதில்லை, அடைபட்ட ரத்தக்குழாயைத் திறப்பதில்லை. தோலுக்கு அடியில் ஓடும் நரம்பைத் தூண்டிச் செய்தி அனுப்பவைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. எந்த நரம்பைத் தூண்டுகிறோம், எவ்வளவு வேகத்தில் தூண்டுகிறோம் என்பதில்தான் பலன் முழுவதும் இருக்கிறது. இதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது துடிப்பு அகலம், இதை மைக்ரோ செகண்டில் சொல்வார்கள். ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பது ஹெர்ட்ஸ். துடிப்பின் பலம் மில்லி ஆம்பியரில். தொடுவுணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் 50 முதல் 100 மைக்ரோ செகண்ட் துடிப்புக்கே விழித்துக்கொள்ளும். தசைக்குப் போகும் நரம்பைச் சௌகரியமாகத் தூண்ட 200 முதல் 400 வரை வேண்டும். மெல்லிய வலி நரம்புகளுக்கு அதைவிட நீண்ட துடிப்போ அதிக பலமோ தேவை. அதனால்தான் அளவறிந்து வைத்தால் வலி நரம்பைத் தொடாமலே தொடு நரம்பை மட்டும் தூண்ட முடிகிறது.

வலிக்கு மின்சாரம் வைப்பது பழைய வழக்கம். முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கவுட் என்ற யூரிக் அமில மூட்டுவலிக்கும் உயிருள்ள மின் திருக்கை மீனை வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் வந்தது 1965இல், மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்களின் கதவுக் கோட்பாட்டில். தொடு நரம்பின் செய்திகள் தண்டுவடத்துக்குள் நிறைய வந்து சேரும்போது, அங்கேயே வலியின் செய்தி மேலே போகாமல் அடக்கப்படுகிறது. இடித்துக்கொண்ட இடத்தைக் கை தானாகத் தேய்த்துவிடுவதும் இதே வழிதான். இதோடு மூளையும் தண்டுவடமும் தாமே சுரக்கும் வலிநிவாரணிகளும் சேர்கின்றன. டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை (அபின் போல வேலை செய்யும்) வலி மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த வேக டென்ஸ் சரியாகப் பலன் தராமல் போவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்த மாத்திரை பிடிக்கும் அதே ஏற்பிகள் வழியாகத்தான் குறைந்த வேக டென்ஸும் வேலை செய்கிறது. அம்மா அப்படி ஏதாவது எடுத்தால் வேகமான அமைப்பையே பயன்படுத்துங்கள்.

இனி அம்மாவின் முழங்கால். சர்க்கரை இருப்பதால் முதலில் உணர்வுச் சோதனை. அவர் கண்ணை மூடியிருக்க, பேட் ஒட்டப்போகும் இடத்தில் பஞ்சால் ஒரு முறை, பற்குத்தும் குச்சியின் கூர்முனையால் ஒரு முறை, மழுங்கிய ஏதாவது ஒன்றால் ஒரு முறை, வரிசை மாற்றி மாற்றித் தொட்டுக் கேளுங்கள். சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில் பேட் ஒட்டக் கூடாது. சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு கால் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். பெரும்பாலும் முழங்காலில் உணர்வு நன்றாகவே இருக்கும். பாதத்தில் எரிச்சல் இருக்கிறதே என்று அங்கே பேட் ஒட்டுவதுதான் ஆபத்து, சுடுவதுகூடத் தெரியாமல் புண் வந்துவிடும். அவருக்குப் பேஸ்மேக்கரோ, இதயத்துக்குள் ஷாக் தரும் டிஃபிப்ரிலேட்டரோ இருந்தால் இதய மருத்துவர் ஒப்புக்கொள்ளாமல் மெஷினைத் தொடவே வேண்டாம்.

ஒட்டும் முறை: தைலம், ஆயின்மென்ட், எண்ணெய் எதுவும் தடவியிருக்கக் கூடாது. நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இது. எண்ணெய்ப்பசை பேட்டை ஓரிடத்தில் ஒட்டவும் ஓரிடத்தில் தூக்கவும் செய்யும், தைலத்தால் ஏற்கெனவே எரிந்திருக்கும் தோல் இன்னும் சிவக்கும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். 5 சென்டிமீட்டர் சதுர பேட் நான்கு வேண்டும். முட்டிச்சில்லுக்கு மேலே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, கீழேயும் அதே மாதிரி இரண்டு. ஒரு வயரின் இரண்டு முனைகளும் மூலைக்கு மூலையாகப் போக வேண்டும். மேல் உள்பக்கத்துக்கு ஜோடி கீழ் வெளிப்பக்கம். அப்போதுதான் கரண்ட் மூட்டைக் குறுக்காகக் கடக்கும். பேட்டுகளுக்கு இடையே குறைந்தது 3 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். நெருங்கிவிட்டால் கரண்ட் தோலின் மேல்மட்டத்திலேயே ஒரு பேட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும். வியர்வை இருந்தால் இன்னும் மோசம்.

மெஷினைப் பூஜ்யத்தில் வைத்துத்தான் ஆன் செய்ய வேண்டும். வேகம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், அகலம் 100 மைக்ரோ செகண்ட். பிறகு பலத்தை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் குறுகுறுப்பு வரும், பிறகு பலமான அதிர்வு. வலிக்காத, ஆனால் நன்றாக உணரும் அளவில் நிறுத்துங்கள். தசை இழுத்துப் பிடித்தால் அல்லது குத்தினால் அளவு மீறிவிட்டது, கொஞ்சம் இறக்குங்கள். சில நிமிடங்களில் உணர்வு மங்குவது போலத் தோன்றும். நரம்பு பழகிக்கொள்வதால் வருவது அது, அப்போது ஒரு படி ஏற்றலாம். லேசாகக் குறுகுறுத்தால் போதும் என்று அடியளவிலேயே விட்டுவிடுவதுதான் டென்ஸ் பலிக்காமல் போவதற்கு முதல் காரணம். ஆராய்ச்சிகளிலும் இதே கதைதான். பலம் குறைவாக வைத்துச் செய்த சோதனைகளில் பலன் தெரியவில்லை, பலமாகவும் சௌகரியமாகவும் வைத்தவற்றில் தெரிந்தது.

எப்போது வைப்பது என்பதையும் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. படுத்துக்கொண்டு அரை மணி நேரம் வைத்துவிட்டு, மெஷினைக் கழற்றிய பிறகு படியேறினால் பலனில் பாதி வீண். டென்ஸின் வலிநிவாரணம் ஓடும்போதுதான் அதிகம், நிறுத்திய பின் சீக்கிரமே தேய்ந்துவிடும். ஆகவே மெஷினை இடுப்பில் செருகிக்கொண்டு, அது ஓடும்போதே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, தொடைத்தசைப் பயிற்சி, வீட்டுக்குள் நடை என்று செய்யச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு 30 முதல் 60 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. தினமும் ஒரே அமைப்பில் வைத்தால் உடல் பழகிப் பலன் குறையலாம். வேகத்தைத் தானாக மாற்றிக்கொண்டே போகும் முறை மெஷினில் இருந்தால் அதை இடையிடையே பயன்படுத்துங்கள்.

எதிர்பார்ப்பையும் சரியான அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டியில், டென்ஸ் உட்பட எந்த மின்சிகிச்சையையும் தேய்மானத்துக்குத் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, பலனுக்கான சான்று போதவில்லை என்ற காரணத்தால். அதற்காக யாருக்குமே வலி குறையாது என்று பொருளில்லை. உடற்பயிற்சியும் எடைக்குறைப்பும்தான் மூட்டைக் காப்பாற்றும். அந்தப் பயிற்சியைச் செய்ய விடாத வலியை ஒரு மணி நேரம் அடக்கிவைக்க டென்ஸ் உதவினால் வாங்கியதற்கு அர்த்தம் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் சரியான அளவில் வைத்தும் நடையிலோ படியிலோ மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். ஐஎஃப்டி என்று கிளினிக்கில் வைப்பதும் இதே குடும்பம்தான். 4000, 4100 ஹெர்ட்ஸ் என இரண்டு கரண்ட்டைக் குறுக்காகச் செலுத்தி, அவை சந்திக்கும் இடத்தில் 100 ஹெர்ட்ஸ் துடிப்பை உண்டாக்குவார்கள். டென்ஸைவிட அது மேல் என்று தெளிவாக நிரூபணமாகவில்லை. அதற்காக மட்டும் ஆட்டோ பிடிக்கத் தேவையில்லை.

அப்பாவின் விஷயம் முற்றிலும் வேறு. பக்கவாதத்தில் கெட்டது மூளையில் உள்ள கட்டளை. தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பு உயிரோடு இருக்கிறது. அதனால்தான் வெளியிலிருந்து தூண்டினால் தசை சுருங்குகிறது. இப்படித் தூண்டுவதற்கு வேகம் 30 முதல் 40 ஹெர்ட்ஸ், அகலம் 250 முதல் 300 மைக்ரோ செகண்ட் போதும். ஆனால் விட்டுவிட்டு வர வேண்டும், மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். சாதாரண டென்ஸில் இந்த வசதி இல்லை. அதில் 40 ஹெர்ட்ஸை விடாமல் ஓடவிட்டால் தசை இறுகியபடியே நிற்கும், சில நிமிடத்தில் சோர்ந்துபோகும். நாமே கையைத் தூக்கும்போது உடல் சோர்வடையாத சிறிய தசையிழைகளை முதலில் எழுப்பும், பெரியவை தேவைக்கேற்பப் பிறகு வரும். கரண்ட் அந்த வரிசையைப் பார்ப்பதில்லை. பெரியதும் சிறியதும் ஒரே நேரத்தில், அதே இழைகளே திரும்பத் திரும்பச் சுருங்குகின்றன. அதனால்தான் சுருக்கத்துக்குச் சமமாகவாவது, முதல் வாரங்களில் இரண்டு மூன்று மடங்கு நீளமாகவாவது ஓய்வு வேண்டும். வாங்கும்போது ஆன் நேரம், ஆஃப் நேரம், ராம்ப் நேரம் (கரண்ட் மெதுவாக ஏறி இறங்கும் நேரம்) என்று மூன்றையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த மெஷின் அப்பாவுக்கு வேண்டாம்.

தொங்கும் மணிக்கட்டுக்கு முன்கையின் முதுகுப் பக்கத்தில் பேட் ஒட்ட வேண்டும். முழங்கையின் வெளி எலும்பு முனைக்கு நான்கைந்து சென்டிமீட்டர் கீழே தசைத் திரட்சியில் ஒன்று, முன்கையின் பாதிக்குக் கீழே ஒன்று. 2 விநாடி ஏற்றம், 5 முதல் 10 விநாடி சுருக்கம், 15 முதல் 20 விநாடி ஓய்வு. ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்து மேலே எழ வேண்டும். கை கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து எழுந்தால் பேட் வெளிவிளிம்பில் இருக்கிறது, சுண்டுவிரல் பக்கம் அரை விரல் நகர்த்துங்கள். விரல்கள் மட்டும் நிமிர்ந்து மணிக்கட்டு எழவில்லை என்றால் மேலே முழங்கைப் பக்கம் நகர்த்துங்கள். விரல்கள் உள்ளே மடங்கினால் கரண்ட் உள்பக்கத் தசைக்குக் கசிகிறது, பலத்தை இறக்கி இடத்தை மாற்றுங்கள். கையை மடக்கும் தசைகள் ஏற்கெனவே இறுகப் பார்க்கும் நேரம் இது. அவற்றுக்குக் கரண்ட் வைக்கவே கூடாது.

இதில் அப்பாவின் பங்குதான் முக்கியம். ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் அவர் கண்ணால் கையைப் பார்த்து, தானும் தூக்க முயல வேண்டும். வெறுமனே படுத்திருக்க மெஷின் கையை ஆட்டினால் தசை கொஞ்சம் வலுக்கலாம், மூளை எதையும் கற்காது. சில கிளினிக்குகளில் பேட்டை ஒட்டிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இருபது நிமிடமும் அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ‘இப்போ தூக்குங்கப்பா’ என்று சொல்லும் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வகையில் வீடே நல்ல இடம். சுருக்கம் வரும் நேரத்தில் டம்ளரை விடுவது, பந்தை விடுவது போன்ற வேலையோடு சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

தோள் இறங்கியிருப்பதற்கு ஒரு பேட் முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பின் மேட்டுக்கு மேலேயுள்ள குழியின் வெளிப்பாதியில், இன்னொன்று தோளின் பின்பக்கத் தசையில், தோள்முனைக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே. சரியாக வைத்தால் கை எலும்பு தோள் மூட்டின் குழிக்குள் ஏறி உட்காருவதைக் கையால் தொட்டு உணரலாம். தோள் காதை நோக்கி எகிறினால் கழுத்துத் தசையைப் பிடித்துவிட்டீர்கள், மேல் பேட்டைக் கழுத்திலிருந்து தள்ளி வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். பக்கவாதம் வந்த முதல் வாரங்களில் தொடங்கினால்தான் இறக்கத்தைத் தடுப்பதில் பலன் அதிகம். மாதங்கள் போகப் போகக் குறையும். எனவே தள்ளிப்போடாதீர்கள். கரண்ட் வைக்காத நேரத்தில் கை தொங்காமல் தலையணையில் இருக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்குவதையும், அந்தக் கையைப் பிடித்து இழுப்பதையும் வீட்டில் எல்லோரும் அடியோடு நிறுத்த வேண்டும். அந்த ஓர் இழுப்பு ஒரு மாதக் கரண்ட்டை வீணாக்கும்.

அப்பாவுக்கு மட்டும் உரிய எச்சரிக்கைகள் சில. வலது பக்கம் செயலிழந்தவருக்கு மூளையின் இடது பக்கம் அடிபட்டிருக்கும், பேச்சும் பாதிக்கப்பட்டிருக்கலாம். சுடுகிறது, வலிக்கிறது என்று சொல்ல வராமல் போகலாம். இடது கையைத் தூக்கினால் நிறுத்து என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். செயலிழந்த கையில் உணர்வும் குறைந்திருக்கலாம், அம்மாவுக்குச் சொன்ன சோதனை இவருக்கும் பொருந்தும். பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். காலுக்கும் வைக்கப் போகிறீர்கள் என்றால் கெண்டைக்காலைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் ரத்தக்கட்டு இருக்கலாம். பேட் ஒட்டாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். பாதம் தரையில் இழுபட்டால் அதற்கும் கரண்ட் உதவி உண்டு. குதிகாலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்து, கால் தரையை விட்டு எழும் நொடியில் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க நரம்பைத் தூண்டும் கருவியை லிபர்சன் என்ற மருத்துவர் 1961இலேயே செய்து காட்டினார். அதைப் பிசியோதெரபிஸ்ட் நேரில் அளந்துதான் பொருத்த வேண்டும்.

எங்கே யாருக்கும் வைக்கக் கூடாது: கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும், ஏனென்றால் அங்கே கரண்ட் பட்டால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கலாம். நெஞ்சின் குறுக்கே, கண்மேல், திறந்த புண்மேல், புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தில், கர்ப்பிணியின் வயிற்றில். தூங்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் குளிக்கும்போதும் கூடாது. கிளினிக்கில் ஷார்ட்வேவ் டயாதெர்மி (ரேடியோ அலையால் சூடு தரும் மெஷின்) ஓடும் அறையில் 3 மீட்டருக்குள் இந்த மெஷினை வைக்கக் கூடாது. அதன் அலையை வயர்கள் வாங்கி திடீரென்று பலமாக அடிக்கும். பேட்டரியில் ஓடும் மெஷினையே வாங்குங்கள். பிளக்கில் நேரடியாகச் செருகும் பெயரில்லாத ‘நரம்பு மசாஜர்’ பெட்டிகளை உள்ளே விடாதீர்கள்.

தோலில் புண் வந்தால் மெஷினைக் குறை சொல்லும் முன் பேட்டைப் பாருங்கள். ஜெல் காய்ந்த பேட், ஓரம் தூக்கிய பேட், கீறல் விழுந்த பேட் ஆகியவற்றில் முழுக் கரண்ட்டும் ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் குவிந்து போகும். சிக்கென்று ஊசி குத்துவது போலிருந்தால் அதுதான் காரணம். பயன்படுத்தியபின் பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டி மூடிவையுங்கள். ஒட்டும் சக்தி குறைந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு வையுங்கள், அப்படியும் ஒட்டாவிட்டால் மாற்றிவிடுங்கள். இருவருக்கும் தனித்தனி பேட். கழற்றிய பின் தெரியும் இளஞ்சிவப்பு சிறிது நேரத்தில் மறைய வேண்டும், மறையாவிட்டால் அடுத்த நாள் அந்த இடத்தை விட்டு நகர்த்தி ஒட்டுங்கள்.

இரண்டு விஷயங்களைக் கூடவே சொல்லிவிடுகிறேன், இந்த மெஷின் வீட்டுக்குள் வந்தால் அக்கம்பக்கத்தார் நிச்சயம் கேட்பார்கள். முகம் ஒரு பக்கம் கோணும் முகவாதத்துக்கு இதை வைக்கக் கூடாது. தசைக்குப் போகும் நரம்பே செயலிழந்த நிலையில் தசையை நேரடியாகத் தூண்ட 100 மில்லி செகண்ட் அளவுத் துடிப்பு வேண்டும், வீட்டு மெஷின் தருவதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. அந்தக் கிளினிக் கரண்ட்டுக்கும் வலுவான சான்று இல்லை. சிகிச்சையே எடுக்காவிட்டாலும் பத்தில் ஏழு பேருக்கு முகம் முழுதாகத் திரும்பும். அதை இன்னும் கூட்டுவது 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் ஸ்டீராய்டு மாத்திரை. முதல் மூன்று நாளைக் கரண்ட் வைப்பதில் கழித்துவிட்டு மாத்திரையைத் தவறவிடுவதுதான் பெரிய நஷ்டம். மூடாத கண்ணை மருந்து விட்டுக் காப்பதும் அவசரம்.

இன்னொன்று, சிறுநீரை அடக்க முடியாத அவசரம். கணுக்காலின் உள்பக்கம் ஓடும் டிபியல் நரம்பைத் தூண்டினால் சிறுநீர்ப்பையின் தவறான துடிப்பு அடங்குகிறது, இரண்டுக்கும் தண்டுவடத்தில் வேர் ஒன்றே. மருத்துவமனையில் மெல்லிய ஊசி வழியாக 20 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோ செகண்டில், வாரம் ஒரு முறை அரை மணி நேரம், 12 வாரம் செய்கிறார்கள். இதே இடத்தில் பேட் ஒட்டியும் செய்யலாம், ஆனால் சிறுநீரில் தொற்று, கல், ரத்தம் இல்லை என்று உறுதிசெய்த பிறகு மட்டும். சர்க்கரையுள்ளவருக்குப் பாத உணர்வும் பார்த்தாக வேண்டும்.

முதல் இரண்டு மூன்று முறை உங்கள் பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது மெஷினோடு நீங்கள் அங்கே போங்கள். பேட் ஒட்டிய இடத்தைத் தோலில் மார்க்கரால் குறித்து, மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு எந்த மில்லி ஆம்பியரில் மணிக்கட்டு எழுந்தது, தானாக எத்தனை முறை தூக்கினார் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். மாதம் ஒரு முறை அந்த நோட்டைக் காட்டி அமைப்பை மாற்றிக்கொண்டால் போதும், அடிக்கடி ஆட்டோ தேவைப்படாது.